நீச்சல் பூலில் டைவ் அடித்துக் கழுத்து முறிந்த பையன்: ஹோட்டலுக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா?

கொட்டகலை வாசி:
எல்லோருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும், பூல், அருவிப் பக்கம் வேலை செய்கிறவர்களும் பதில் எழுதினால் பெரிய உதவி.

என் அக்காவின் மகனுக்கு 19 வயது. கொழும்பில் கடையில் வேலை. ஏப்ரல் புத்தாண்டு லீவில் வீட்டுக்கு வந்தவன் கூட்டாளிமாரோடு நுவரெலியாப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனான். தங்கவில்லை. பகல் சாப்பாட்டோடு பூலில் குளிக்க ஆளுக்கு டிக்கெட் எடுத்துப் போனார்கள். பின்னேரம் மழை இருட்டு. கரையில் நின்று தலைகீழாக டைவ் அடித்திருக்கிறான். அந்த இடத்தில் தண்ணீர் மூன்றரை அடிதான். ஆழம் எங்கேயும் எழுதியில்லை. அடியும் சுவரும் ஒரே கடும் நீல டைல்ஸ். மேலே நின்று பார்த்தால் அடி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்பு உடைந்துவிட்டது. கண்டியில் ஒப்பரேஷன் செய்து, இப்போது ராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலையில் இருக்கிறான். தோளும் முழங்கையும் கொஞ்சம் அசைகின்றன. விரலும் இல்லை, காலும் இல்லை.

"போர்ட் போட்டிருக்கிறோமே" என்கிறது ஹோட்டல். போர்ட் இருப்பது உண்மை. வாசலில், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்: சொந்தப் பொறுப்பில் நீந்தவும், விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. தமிழில் இல்லை. இப்போது மூன்று லட்சம் தருகிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அக்கா கொழுந்து எடுக்கிறவர். அவருக்கு மூன்று லட்சம் சின்னக் காசு இல்லை. அத்தான் வாங்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மஸ்கெலியாத் தம்பி:
அண்ணே, சட்டத்தரணியிடம் காட்டும்வரை அந்தக் கடிதத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். பையனிடம் கைநாட்டு வாங்கவும் விடவேண்டாம். ஆஸ்பத்திரிக்கே வருவார்கள்.

ஹட்டன் சட்டத்தரணி:
தம்பி சொன்னதுதான் முதல் வேலை. கையெழுத்து ஏன் இவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன். பத்திரங்களைப் பார்க்காமல் "வழக்கு வெல்லும்" என்று எந்தச் சட்டத்தரணியும் சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் "போர்ட் இருக்கிறது, எல்லாம் முடிந்தது" என்பது சரியில்லை.

நம் நாட்டில் இப்படியான நட்டஈட்டு வழக்கு, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டப்படி வருகிறது. நீதிமன்றம் பார்ப்பது இதைத்தான்: அந்த இடத்தை நடத்துகிற நிதானமான ஒருவர் இப்படி ஒரு காயம் வரலாம் என்று முன்கூட்டி நினைத்திருப்பாரா, நினைத்திருந்தால் தடுக்க என்ன செய்திருப்பார், இவர்கள் அதைச் செய்தார்களா? ஆழம் எழுதாத, அடி தெரியாத, மூன்றரை அடிப் பூலில் லீவுக்கு வரும் இளைஞன் டைவ் அடிப்பான் என்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். கரையில் எண் எழுதவும், டைவ் அடிக்காதே என்ற படம் ஒட்டவும் ஆகும் செலவு அற்பம். செலவு குறைந்த காவலைச் செய்யாமல் விட்டதுதான் வாதத்தின் மையமாக இருக்கும்.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரியைப் பற்றி: 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொழில் நடத்துகிறவர் தன் கவனயீனத்தால் வந்த மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை ஒரு நிபந்தனையாலோ அறிவித்தலாலோ கழற்றிவிட முடியாது. ஆகவே அந்தப் பலகை பொறுப்பை அழிக்காது. ஆனால் நல்ல எச்சரிக்கைப் பலகை வேறு கதை. "இங்கே ஆழம் மூன்றரை அடி, டைவ் அடிக்காதீர்" என்று தெளிவாக எழுதியிருந்தால், அவர்கள் கவனமாக நடந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. இங்கே அது இல்லை. "சொந்தப் பொறுப்பு" என்ற வசனம் எந்த மொழியில் இருந்தாலும் தண்ணீரின் ஆழத்தை யாருக்கும் சொல்லாது.

பையன் பக்கமும் தவறு உண்டு, அதை ஒளிக்க வேண்டாம். ஆழம் பார்க்காமல் பாய்ந்தான். அதற்காக வழக்கு முழுதாக விழாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, இருபக்கத் தவறையும் அளந்து நட்டஈட்டைக் குறைப்பார்கள். மொத்த இழப்பு நூறு லட்சம், அவன் பங்கு அறுபது வீதம் என்று முடிவானால் நாற்பது லட்சம் வரும். மூன்று லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். (எண்கள் உதாரணத்துக்கு.)

காலம்: 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், பிரிவு 9. காயம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் காலம் நிற்காது.

ராகலை ஹோம்ஸ்டே:
எல்லோரும் கோபப்படலாம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நான் ஐந்து அறை வைத்து நடத்துகிறவன். சின்னப் பூல் ஒன்றும் உண்டு. பையனுக்கு நடந்ததைக் கேட்டு வயிறு எரிகிறது. ஆனால் 19 வயது ஆள் குழந்தையா? தண்ணீரைப் பார்க்காமல் தலைகீழாகப் பாய்வது அவனுடைய முடிவு. இதற்கெல்லாம் முதலாளி பணம் கட்ட வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள் பூலை மண் போட்டு மூட வேண்டியதுதான். எங்கள் பூல், அருவி, ஆறு எல்லாவற்றையும் வேலி போட்டு மூடிவிட்டால் பிள்ளைகள் எங்கே குளிப்பது?

இங்கிலாந்தில் இதே போல ஒரு வழக்குத் தோற்றது என்று கேள்விப்பட்டேன்.

ஹட்டன் சட்டத்தரணி:
நல்ல கேள்வி, கோபப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சொல்வது டொம்லின்சன் வழக்கு. செஷயர் பக்கத்தில் மணல் தோண்டிய இடத்தில் உண்டான ஏரி, இப்போது பொதுப் பூங்கா. 1995இல் 18 வயதுப் பையன் கரையோரம் தண்ணீரில் நின்றபடியே முன்னால் பாய்ந்தான், கழுத்து முறிந்தது. "ஆபத்தான நீர், நீந்தக் கூடாது" என்று பலகை இருந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் மூன்றில் இரண்டு பங்கு தவறு அவனுடையது என்று வைத்து மிச்சத்துக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2003இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதையும் நீக்கியது. ஆழமில்லாத தண்ணீரில் பாய்ந்தால் என்ன ஆகும் என்பது வளர்ந்த எவனுக்கும் வெளிப்படை, சிலர் அவதானமில்லாமல் நடப்பதற்காக ஊரே அனுபவிக்கிற ஏரிக்கரையை அழிக்கத் தேவையில்லை என்றார்கள். உங்கள் வாதமும் அதுதான், அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அங்கே இருந்ததும் இங்கே இருந்ததும் ஒன்றல்ல. அது இலவசப் பூங்காவில் உள்ள ஏரி, நீந்தவே கூடாது என்று சொன்ன இடம். இது காசு வாங்கி, வந்து குளியுங்கள் என்று அழைத்த பூல்.

அவுஸ்திரேலியாவையும் பார்க்க வேண்டும். ரொட்னெஸ்ட் தீவில் 1977இல் ஒருவர் பாறை விளிம்பிலிருந்து கடலில் பாய்ந்தார். தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருந்த பாறையில் தலை அடிபட்டது. அந்த இடத்தைக் குளிக்க நல்ல இடமென்று நடத்தியது தீவின் அதிகார சபைதான். எச்சரித்திருக்க வேண்டும் என்று 1993இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2005இலும் 2007இலும் பாறை, கடற்கரை, பாலம் சம்பந்தமான வழக்குகளில் காயப்பட்டவருக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. 2007 வழக்கில் 14 வயதுப் பையன், தடைப் படம் இருந்தும் பாலத்திலிருந்து பாய்ந்தான். அதிலும் ஐந்து நீதிபதிகளில் மூன்றுக்கு இரண்டாகத்தான் முடிவு வந்தது. பெரிய நீதிபதிகளே பிரிந்து நிற்கிற விஷயம் இது.

இந்த வழக்குகளை வாசித்து எனக்குப் பட்டது: ஆபத்து கண்ணுக்குத் தெரிந்ததா, ஒளிந்திருந்ததா? காசு வாங்கி அழைத்தார்களா? இரண்டுக்கும் என்ன பதில் என்பதில்தான் பெரும்பாலும் முடிவு தங்கியிருக்கிறது. வெளிநாட்டுத் தீர்ப்புகள் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்தில் எடுத்துக்காட்டலாம். எனக்கு மிகவும் பயன்படுவது தென்னாபிரிக்கத் தீர்ப்பு, ஏனென்றால் அவர்கள் சட்டமும் ரோமன் டச்சு வேர்தான். அங்கே மலையில் ஒரு தனியார் வனப்பகுதி, நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். பனிச் சரிவில் சறுக்கி, பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்தார். மலை ஆபத்தானது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று உரிமையாளர்கள் வாதாடினார்கள். அந்தப் பனிக்குக் கீழே இருந்த ஆபத்து பார்வைக்குத் தெரியாதது, எச்சரித்திருக்க வேண்டும் என்று 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பை அவர்கள்மேல் வைத்தது.

கித்துல்கல கைட்:
கேட்டுக்கொண்டே இருந்தேன், இனி நானும் எழுதுகிறேன். களனி ஆற்றில் ராஃப்டிங் கொண்டுபோகிற வேலை. ஆறு பூல் இல்லை. மேலே மின்நிலையம் தண்ணீர் விடும்போது ஒரு மட்டம், நிறுத்தினால் இன்னொரு மட்டம். காலையில் ஆள் குதித்த கசம் பின்னேரம் இடுப்பளவு. பெருவெள்ளம் வந்து போனால் அடியில் கல் இடம் மாறிவிடும். போன வருஷம் நான் இங்கேதான் குதித்தேன் என்று வருகிறவனைத்தான் எனக்குப் பயம்.

எங்கள் குழுவில் முதலில் ஒரு ஆள் இறங்கி அடியைக் காலால் தடவிப் பார்ப்பான். அப்புறம்தான் மற்றவர்கள், அதுவும் காலால் மட்டும், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு. தலைகீழாக யாருக்கும் இடமில்லை, எவ்வளவு காசு கொடுத்தாலும். ஆனால் ரோட்டில் நின்று கஸ்டமர் பிடிக்கிற சிலர் இதைச் செய்வதில்லை. "குதி மச்சான், நான் இருக்கிறேன்" என்பார்கள். சேர், அப்படிச் சொல்லிக் குதிக்கவைத்தவனுக்குச் சட்டத்தில் என்ன?

ஹட்டன் சட்டத்தரணி:
காசு வாங்கி "குதி" என்று சொன்னவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் அல்ல. தன் அறிவை நம்பச் சொல்லி நம்பவைத்தவர். அவர்மேல் பொறுப்பு மிகக் கூடுதல். குற்றவியல் பக்கமும் உண்டு. யோசனையில்லாத அல்லது கவனயீனமான செயலால் மரணம் வந்தால் தண்டனைச் சட்டக்கோவை பிரிவு 298, ஐந்து வருடம்வரை சிறை. கடுங்காயம் என்றால் பிரிவு 329. அது பொலிஸும் நீதவான் நீதிமன்றமும். நட்டஈடு மாவட்ட நீதிமன்றத்தில். ஒன்று மற்றதற்குப் பதிலாகாது.

லிந்துலை டீச்சர்:
எங்கள் பிள்ளைகளில் டிக்கெட் எடுத்துப் பூலுக்குப் போகிறவன் நூறில் ஒருவன். மற்றவர்கள் ஆற்றிலும் தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கியிலும்தான் குளிக்கிறார்கள். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரைகளிலும் பார்க்கிறேன். லீவு நாளில் தியலுமவுக்கு வேன் பிடித்து ஏறுகிறார்கள். 220 மீட்டர் அருவி, மேலே இருக்கிற குட்டைகளில் குதித்து வீடியோ போடுகிறார்கள். அங்கே கழுத்து முறிந்தால் யாரைக் கேட்பது? நிலம் கம்பனியிடமா, அரசாங்கத்திடமா, பிரதேச சபையிடமா என்றே எங்களுக்குத் தெரியாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டம் அரசுக்குப் போனது, 1992இல் நடத்தும் பொறுப்பு கம்பனிகளுக்கு வந்தது. லயத்துக்குக் கூரை கேட்டால்கூட அங்கே போ, இங்கே போ என்கிறார்கள். பிள்ளையின் கழுத்துக்கு யார் பதில் சொல்வார்கள்?

ஹட்டன் சட்டத்தரணி:
டீச்சர், இதில் பொய் நம்பிக்கை தரமாட்டேன். இயற்கையான ஆறு, காசு வாங்குகிறவர் இல்லை, யாரும் அழைக்கவில்லை, ஆபத்தும் வெளிப்படை என்றால் வழக்கு மிகவும் பலவீனம். டொம்லின்சனில் சொன்னது அங்கே அப்படியே பொருந்தும். தோட்டத்துத் தாங்கி கொஞ்சம் வேறு, ஏனென்றால் அது மனிதன் கட்டியது. பிள்ளைகள் தினமும் குளிக்கிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரியும், அடியில் உடைந்த குழாயோ கம்பியோ இருக்கிறதென்றும் தெரியும், அப்படியும் விட்டார்கள் என்றால் கேள்வி எழும். நிலத்தின் உரித்து அரசின் தோட்ட அமைப்புகளான ஜனவசமவிடமோ எஸ்பிசியிடமோ இருக்கலாம். ஆனாலும் அந்த இடத்தைக் கையில் வைத்து நடத்துகிறவர் யார் என்பதே முதல் கேள்வி.

அரசாங்க இடம் என்றால் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி அரசுக்கு எதிராகவும் வழக்குப் போடலாம். அதற்கு முன் சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை பிரிவு 461. உள்ளூராட்சிச் சபை என்றால் அந்தந்தச் சட்டத்தில் காலம் இன்னும் குறுகியது. இரண்டு வருடம் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது, அந்த வாரமே ஆளைப் பாருங்கள்.

பேராதனை பிசியோ:
சட்டம் எனக்குத் தெரியாது, இந்தக் காயம் தெரியும். தலை அடியில் முட்டி நிற்கும், உடம்பின் பாரம் பின்னால் வந்துகொண்டே இருக்கும், நடுவில் கழுத்து நொறுங்கும். ஐந்தாவது ஆறாவது எலும்புதான் அதிகம். அமெரிக்கச் செஞ்சிலுவை தலைகீழாகப் பாய ஒன்பது அடி ஆழம் வேண்டும் என்கிறது. போட்டிகளில் பத்து மீட்டர் மேடைக்குக் கீழே ஐந்து மீட்டர் ஆழம் வைப்பார்கள். மூன்றரை அடி தலைகீழாகப் பாயவே கூடாத ஆழம்.

வாசிக்கிற எல்லோருக்கும் ஒன்று: பாய்ந்தவன் அசையாமல் கிடந்தால் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் போடாதீர்கள். முகத்தை மேலே திருப்பித் தண்ணீரிலேயே மிதக்க விட்டு, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கப் பிடியுங்கள். மூச்சு இல்லையென்றால் மூச்சுத்தான் முதலில். அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்கள். மூச்சு இருந்தால், ஆளைப் படுக்கவைத்துத் தூக்கும் பலகை வந்தபிறகு தூக்குங்கள்.

கொட்டகலை வாசி:
இதை வாசித்துவிட்டு வெளியே போய் நின்றேன். அவனைக் கூட்டாளிமார் இரண்டு கையிலும் பிடித்துத்தான் இழுத்தார்கள், திரீவீலில் மடித்து உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். ஹோட்டலில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பையன்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. கூட்டாளிமார் பியர் குடித்திருந்தார்கள், இவன் குடிக்கவில்லை. ஹோட்டல் இவனும் குடித்திருந்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறது.

பேராதனை பிசியோ:
சொல்லாமல் இருப்பதே சரி. எலும்பு அடிபட்ட நொடியிலேயே உடைந்தது. உள்ளே நரம்பு எப்போது சேதமானது என்பதை ஸ்கேனைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஹட்டன் சட்டத்தரணி:
அந்தப் பிள்ளைகள் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். காசு வாங்கிப் பூல் நடத்துகிற இடத்தில் காப்பாற்றத் தெரிந்த ஒருவர்கூட இல்லை என்பது ஹோட்டலின் பக்கத்துக் குறை. குடி விஷயத்தில் வாய்ப்பேச்சு வேண்டாம். முதலில் கொண்டுபோன வைத்தியசாலையின் பெட் ஹெட் டிக்கெட்டில் (வார்ட்டில் எழுதும் நோயாளிக் குறிப்பு) மதுவாடை இருந்தால் எழுதியிருப்பார்கள், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையிலும் வரும். அவற்றின் பிரதி எடுங்கள்.

இவற்றையும் உடனே செய்யுங்கள். பொலிஸில் முறைப்பாடு இல்லையென்றால் இன்றே போட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். கூட்டாளிமாரின் போனில் அன்றைய படமும் வீடியோவும் இருக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் தரமும் விபரமும் போய்விடும், மூலக் கோப்பை அப்படியே ஒரு பென் ட்ரைவில் எடுங்கள். டிக்கெட்டோ பில்லோ கிடைத்தால் தங்கம். பூலை இப்போது எப்படி இருக்கிறதென்று யாராவது படம் எடுக்கட்டும், ஏனென்றால் நாளைக்கே ஆழம் எழுதிவிட்டு "எப்போதும் இருந்தது" என்பார்கள். சிசிடிவிப் பதிவை அழிக்க வேண்டாமென்று எழுத்தில் கேட்க வேண்டும். ஹோட்டலுக்குப் பொதுப்பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்றும் கடிதத்தில் கேட்போம். இருந்தால் பேச்சின் போக்கே மாறும்.

கையெழுத்துக்கு வருகிறேன். 1997 சட்டம் முன்கூட்டிப் பொறுப்பைக் கழற்றுகிற பலகையைத்தான் தடுக்கிறது. விபத்துக்குப் பிறகு "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்தால் அது வேறு உடன்படிக்கை. அதைப் பிறகு உடைப்பது மிகக் கடினம். மூன்று லட்சத்தோடு கதவு மூடிவிடும்.

ராகலை ஹோம்ஸ்டே:
சேர், எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை. பையன் பங்குதான் பெரிது என்றே நினைக்கிறேன். ஆனால் மூன்று லட்சத்துக்கு வாயை மூடச் சொல்வது அநியாயம், அதைச் சொல்லத்தான் வேண்டும். என் பூல் நான்கு அடி. நான் என்ன செய்யட்டும்?

கித்துல்கல கைட்:
அண்ணே, கரை விளிம்பில் நான்கு பக்கமும் ஆழத்தை அடியிலும் மீட்டரிலும் பெரிதாக எழுதுங்கள். டைவ் அடிக்கிற மனிதனுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படம் ஒட்டுங்கள், அதற்கு மொழி தேவையில்லை. வாசகம் எழுதினால் தமிழும் சேர்த்து மூன்று மொழியிலும். அடியில் வெள்ளை டைல்ஸ் வரி இரண்டு ஓடவிட்டால் ஆழம் கண்ணுக்குத் தெரியும். இருட்டினால் பூட்டுங்கள். குடித்தவனை இறக்காதீர்கள். வேலைக்கு இருக்கிற தம்பிமாரில் ஒருவனுக்கு உயிர்காப்புப் பழக்குங்கள், நான் வந்து காட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.

ராகலை ஹோம்ஸ்டே:
வாருங்கள் தம்பி. டைல்ஸ் பதிக்கிற பாஸை இந்த வாரமே கூப்பிடுகிறேன்.

லிந்துலை டீச்சர்:
கைட் தம்பி, எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நாள் வரவேண்டும். ஓ.எல். எழுதிவிட்டு லீவில் இருக்கிற பையன்களைத்தான் முதலில் கூப்பிடுவேன். அதிபரிடம் நான் பேசுகிறேன்.

கொட்டகலை வாசி:
எல்லோருக்கும் நன்றி. அத்தானை உட்கார வைத்து இந்த இழையை முழுதாக வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். பையனின் இழப்பை எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று கேட்கிறார். அடுத்த கிழமை சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகிறோம். என்னென்ன கொண்டுபோவது?

ஹட்டன் சட்டத்தரணி:
இதுவரை செய்த மருத்துவச் செலவு, இனி வாழ்நாள் முழுக்க வரும் செலவு, அவன் உழைத்திருக்கக்கூடிய சம்பளம், பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்கு ஆகும் தொகை, வலியும் வேதனையும், இழந்த வாழ்க்கை. அவன் உயிரோடு இருக்கிறான், ஆகவே வழக்கு அவன் பெயரில். அவன் கடைச் சம்பளத்துக்குச் சீட்டோ, முதலாளியின் கடிதமோ தேடுங்கள். ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டியிருந்தால் அந்தப் பதிவும் உதவும். அக்கா அவனைப் பார்க்க வேலைக்குப் போகாத நாட்களைத் தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோலில் காட்டலாம். ராகமைக்குப் போய்வரும் பஸ், வேன் செலவை இன்றிலிருந்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள்.

அடையாள அட்டைப் பிரதி, டயக்னோசிஸ் கார்ட், முறைப்பாட்டு இலக்கம், ஹோட்டல் அனுப்பிய அந்தக் கடிதத்தின் பிரதி, கூட்டாளிமாரின் பெயரும் போன் நம்பரும் எடுத்துப் போங்கள். அக்காவின் சம்பளச் சீட்டும் வேண்டும், இலவச உதவிக்கு வருமானம் பார்ப்பார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்பதை அத்தானிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஹோட்டலுக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.